முதலில் மேடையேறுகிறவர்கள்



இது கொஞ்சம் நீளமான பதிவு. பாதியிலேயே விட்டுவிட்டு "அருமை சார்" என்று போடுகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். வகுப்பிலும் நீங்கள் அப்படித்தான். இன்றைக்கு மட்டும் தயவுசெய்து கடைசி வரை படியுங்கள். கடைசியில்தான் முக்கியமான விஷயம் இருக்கிறது.

போன மாதம் சென்னையில் மகள் வீட்டில் இருந்தபோது பேத்தியோடு ஒரு இசை நிகழ்ச்சிக்குப் போனேன். கர்நாடகக் கச்சேரியும் இல்லை, சினிமா மெல்லிசையும் இல்லை. 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற இசைக்குழு. "இந்த வயசுல சாருக்கு எதுக்கு இது?" என்று சிலர் நினைப்பீர்கள். என் வீட்டம்மாவும் அதைத்தான் கேட்டாள். "முட்டி வலிக்குதுன்னு கோயிலுக்கே வர மாட்டேங்கிறீங்க, நாலு மணி நேரம் நின்னு பாட்டு கேக்கப் போறீங்களா?" என்றாள். பதில் சொல்ல முடியவில்லை. ஆனாலும் போனேன்.

இந்தக் குழுவை எனக்கு அறிமுகப்படுத்தியது உங்களில் ஒருவர்தான். 2018-இல் வாட்ஸாப்பில் ஒரு வீடியோ அனுப்பி, "சார், உங்களுக்குப் பிடிக்காது, ஆனா ஒரு தடவை கேளுங்க" என்று எழுதியிருந்தார். அவர் சொன்னது போலவே முதல் தடவை பிடிக்கவில்லை. கானா என்றாலே எனக்கு அப்போது ஒரு முகச்சுளிப்பு உண்டு. சாவு வீட்டில் பாடுவது, பேட்டையில் பாடுவது என்று ஒதுக்கிவைத்திருந்தேன். இரண்டாம் தடவை இயர்போன் போட்டுக் கேட்டேன். மூன்றாம் தடவை வரிகளைக் காகிதத்தில் எழுதிப் பார்த்தேன். வாத்தியார் புத்தி. எழுதிப் பார்த்தபோதுதான் எவ்வளவு கட்டுக்கோப்பான சொற்கள் என்று தெரிந்தது. எதுகை மோனைக்கு நான் கரும்பலகையில் எத்தனையோ எடுத்துக்காட்டு எழுதியிருக்கிறேன். அவை எல்லாம் செத்த எடுத்துக்காட்டுகள். இது உயிரோடு இருந்தது.

தெரியாதவர்களுக்காகச் சில தகவல்கள். இயக்குநர் பா.ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு இது. கானா பாடுகிறவர்கள், ராப் பாடுகிறவர்கள், பறை, சட்டி, கட்ட மோளம் அடிக்கிறவர்கள், கிட்டாரும் டிரம்ஸும் வாசிக்கிறவர்கள் என்று 19 பேர் சேர்ந்து 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் நிகழ்ச்சி நடத்தினார்கள். இட ஒதுக்கீடு, மாட்டிறைச்சி, சாக்கடைக்குள் இறங்கிச் சாகிறவர்கள் என்று சினிமாப் பாட்டில் வராத விஷயங்களைப் பாடினார்கள். அவர்களில் ஒருவரான கானா பாடகி இசைவாணியை 2020-இல் பி.பி.சி. உலகத்தின் 100 பெண்கள் பட்டியலில் சேர்த்தது. குழுவின் பெயருக்கு மூலம் அயோத்திதாசப் பண்டிதரிடம் இருக்கிறது. தம் மக்களைச் சாதி பேதமற்றவர்கள் என்று அழைத்தவர் அவர். 1907-இல் அவர் 'ஒரு பைசாத் தமிழன்' என்ற வார இதழைத் தொடங்கினார் என்பதைப் பணி ஓய்வுக்குப் பிறகுதான் நான் தெரிந்துகொண்டேன். முப்பது வருஷத்துக்கு மேல் பாடம் நடத்தினேன். ஒரு வகுப்பில்கூட அவர் பெயரை நான் சொன்னதில்லை. நான் படித்த ஆசிரியர் பயிற்சியிலும் யாரும் எனக்குச் சொன்னதில்லை.

ஆக, பல வருஷமாகக் காலை நடையில் காதில் கேட்டுக்கொண்டிருந்த குழுவை முதல் முறையாக நேரில் பார்க்கப் போகிறேன். மாலை 5 மணிக்குத் தொடக்கம் என்று போட்டிருந்தார்கள். நான் 4.30-க்கே வாசலில் நின்றேன். பேத்தி சிரித்தாள். "தாத்தா, இதுக்கெல்லாம் ஏழு மணிக்கு வந்தா போதும். முன்னாடி யார் யாரோ பாடுவாங்க" என்றாள்.

அந்த 'யார் யாரோ' பற்றித்தான் இந்தப் பதிவு.

எந்த இடம், நடத்தியவர்கள் யார், பாடிய பிள்ளைகள் யார் என்று எழுதப் போவதில்லை. ஒருவரை மாட்டிவிடுவது என் நோக்கம் இல்லை.

முதலில் ஒரு பையன் தனியாகக் கிட்டாரோடு வந்தான். நாலு பாட்டு. நாலும் சினிமாப் பாட்டு. அதில் இரண்டுக்குப் பின்னணி இசை லேப்டாப்பிலிருந்து வந்தது. கிட்டாரை அவன் தொட்டுக்கொண்டிருந்தானே தவிர அதிலிருந்து ஒரு சத்தமும் எங்களுக்கு வரவில்லை. அடுத்து ராப் பாடுகிற மூன்று பேர். மைக்கைக் கிட்டத்தட்ட வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டார்கள். ஒரு சொல் புரியவில்லை. தமிழா ஆங்கிலமா என்றே எனக்குச் சந்தேகம். பாட்டுக்கு நடுவில் "மேக் சம் நாய்ஸ்!" என்று கத்தினார்கள். சத்தம் போட அங்கே ஆளே இல்லை. மைதானத்தில் மொத்தம் அறுபது எழுபது பேர் இருந்திருப்போம், அதில் பாதிப் பேர் பஜ்ஜிக் கடையில் நின்றார்கள். "சத்தம் பத்தலையே சென்னை!" என்று மறுபடியும் கேட்டார்கள். எனக்கு எரிச்சலாக இருந்தது. வகுப்பில் "புரிஞ்சுதா? சத்தமா சொல்லுங்க, புரிஞ்சுதா?" என்று நான் கேட்பேனே, பிள்ளைகளுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று அன்றைக்குத் தெரிந்தது.

மூன்றாவதாக ஒரு பெண்ணும் இரண்டு பையன்களும். அந்தப் பெண் சொந்தமாக எழுதிய பாட்டு என்று சொல்லிவிட்டுத் தொடங்கினாள். குரல் நல்ல குரல். ஆனால் சுருதி விலகிக்கொண்டே போனது. கீபோர்டு ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். நடுவில் மைக் இரண்டு முறை ஊளையிட்டது. அவள் கையால் ஏதோ சைகை காட்டினாள். யாரும் கவனிக்கவில்லை. இரண்டாம் பாட்டின் பாதியில் மேடை ஓரத்திலிருந்து ஒருவர் கையை உயர்த்திக் கடிகாரத்தைக் காட்டினார். அவள் பாட்டை அங்கேயே முடித்துக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டு இறங்கிவிட்டாள். கைதட்டியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். நான் தட்டவில்லை. பொய் சொல்லக் கூடாது, நான் தட்டவில்லை.

அந்த நேரத்தில் கைப்பேசியில் உங்களுக்கு ஒரு பதிவு எழுதி வைத்தேன். "இரண்டு மணி நேரம் தண்டம். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பயிற்சி இல்லை, பொறுமை இல்லை, மேடை மட்டும் வேண்டும்" என்று தொடங்கியது அது. வீட்டுக்குப் போய்ப் போடலாம் என்று விட்டுவைத்தேன். நல்லவேளை.

ஏழரை மணிக்கு விளக்கு அணைந்தது. அதற்குள் மைதானம் நிறைந்துவிட்டிருந்தது. பறையின் முதல் அடி விழுந்ததும் என் நெஞ்சுக்கூட்டுக்குள் ஏதோ தட்டியது. இயர்போனில் பறை காதுக்குத்தான் வரும். நேரில் அது தரையிலிருந்து கால் வழியாக ஏறி வருகிறது. சட்டியும் கட்ட மோளமும் சேர்ந்தபோது ஊர்த் திருவிழா கூட்டத்தில் அப்பா தோளில் உட்கார்ந்திருந்த ஞாபகம் வந்தது. கிட்டாரும் டிரம்ஸும் அதற்குப் பக்கத்தில் பணிவாக நின்றன. முன்வரிசையில் என் பேத்தி வயசுப் பிள்ளைகள் எல்லாப் பாட்டையும் கூடவே பாடினார்கள். இட ஒதுக்கீட்டுப் பாட்டு வந்தபோது எனக்குப் பக்கத்தில் நின்ற ஒரு நடுத்தர வயதுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அந்தப் பக்கம் பார்க்காத மாதிரி இருந்தேன். முட்டி வலித்ததா என்று கேட்டால், வலித்தது. ஆனால் அது ஞாபகம் வந்தது ஆட்டோவில் ஏறியபோதுதான்.

அவ்வளவு நாள் காத்திருந்தது வீணாகவில்லை. அதைப் பற்றியே பத்துப் பக்கம் எழுதலாம். ஆனால் அதைவிட முக்கியமானது நிகழ்ச்சி முடிந்து வெளியே வந்தபோது நடந்தது.

ஆட்டோவுக்காக வாசலில் நின்றோம். சுவர் ஓரமாகக் கீபோர்டு பெட்டி மேல் அந்த மூன்றாவது குழுப் பெண் உட்கார்ந்திருந்தாள். பேத்தி தயங்காமல் போய், "உங்க ரெண்டாவது பாட்டு நல்லா இருந்துச்சு, பாதியில நிறுத்திட்டீங்களே" என்றாள். அந்தப் பிள்ளை நிமிர்ந்து பார்த்து, "அந்தப் பாட்டைக் கேட்டீங்களா?" என்றாள். யாரோ கேட்டிருக்கிறார்கள் என்பதே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

பிறகு பேசினோம். "ரெண்டு மணிக்கே வந்துட்டோம் தாத்தா. ஜெனரேட்டர் லேட்டு. அதனால எல்லாமே தள்ளிப்போச்சு. எங்களுக்கு சவுண்ட் செக்கே இல்ல. முப்பது நிமிஷம்னு சொன்னாங்க, மேல ஏறினதுக்கு அப்புறம் பன்னெண்டு நிமிஷம்னு சொன்னாங்க. எனக்கு முன்னாடி இருந்த ஸ்பீக்கர் வேலை செய்யல. கீபோர்டு எனக்குக் கேக்கவே இல்ல. குத்துமதிப்பா பாடினேன்."

"பணம் ஏதாவது குடுத்தாங்களாம்மா?"

"இல்ல தாத்தா. எக்ஸ்போஷர் கிடைக்கும்னு சொன்னாங்க."

எனக்கு எப்படியோ ஆகிவிட்டது. இரண்டு மணி நேரமாக நான் அந்தப் பிள்ளையின் சுருதியைத் திருத்திக்கொண்டிருந்தேன். அவளுக்குச் சுருதியே கேட்கவில்லை.

மேடை தெரியாதவர்களுக்கு ஒரு விளக்கம். நமக்குக் கேட்பதற்கு வெளியே பெரிய ஸ்பீக்கர்கள் இருப்பது போல, பாடுகிறவருக்குக் கேட்பதற்கு மேடையிலேயே அவரைப் பார்த்தபடி ஒரு ஸ்பீக்கர் இருக்கும். மானிட்டர் என்பார்கள். அது இல்லையென்றால் தன் குரலும் பக்கவாத்தியமும் பாடுகிறவருக்குச் சரியாகக் கேட்காது. கேட்காதபோது மனிதர் கத்துவார். கத்தினால் சுருதி விலகும். மைக்கை வாய்க்குள் வைத்துக்கொள்வார். வைத்தால் சொல் புரியாது. யாருக்கு எவ்வளவு சத்தம் வேண்டும் என்று முன்கூட்டியே சரிபார்ப்பதுதான் சவுண்ட் செக். கடைசியில் வரும் பெரிய குழுவுக்கு அதைச் செய்து, அந்த அளவுகளைக் கலைக்காமல் வைத்துவிடுவார்கள். அது நியாயம்தான். முதலில் பாடுகிறவர்களுக்கு மிச்சம் மீதி. மேடையில் பத்தொன்பது பேருக்கான வாத்தியங்கள் ஏற்கெனவே இடம் பிடித்திருக்கும். இவர்கள் விளிம்பில் நிற்க வேண்டும். பொழுது சாயவில்லை, அதனால் விளக்கு எடுபடாது. கூட்டம் வரவில்லை. வந்தவர்களும் பஜ்ஜிக் கடையில். இத்தனையையும் தாண்டி ஒருவர் நன்றாகப் பாடினால் அவர் மேதை. சாதாரணத் திறமையுள்ள பிள்ளை அங்கே தோற்றுத்தான் போகும்.

இப்போது என் கருத்தைச் சொல்கிறேன். முதலில் பாடுகிறவர்களை நேரத்தை ஓட்டுவதற்காக ஏற்றுவதை நாம் நிறுத்த வேண்டும். ஒன்று, மரியாதையாக மேடை கொடுங்கள். இல்லையென்றால் கூப்பிடாதீர்கள். அரைகுறை மேடை என்பது வாய்ப்பு இல்லை. ஒரு பிள்ளையை ஊர் பார்க்கத் தோற்கடித்து அனுப்புவது அது.

"சார், நாங்க காசு குடுத்தது கடைசிக் குழுவுக்கு. முன்னாடி பாடுறவங்களைக் கேக்கணும்னு எங்களுக்கு என்ன தலையெழுத்து?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நானும் அன்று அதைத்தான் நினைத்தேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். சினிமாவைச் சாராமல் சொந்தமாகப் பாட்டு எழுதிப் பாடுகிற குழுக்களுக்கு நம் ஊரில் பாட இடம் எங்கே இருக்கிறது? கோயில் திருவிழாவில் சினிமாப் பாட்டுத்தான் கேட்கிறார்கள். கல்யாண வரவேற்பிலும் அதேதான். புதுப் பாட்டை மனிதர்கள் முன்னால் பாடிப் பார்க்க இந்த 5 மணி மேடைதான் மிஞ்சுகிறது. அதையும் பாழாக்கினால் நாளைக்கு 7.30 மணிக்குப் பாட யார் வருவார்கள்?

இது ஏதோ வெளியூர்ப் பழக்கம் என்றும் நினைக்க வேண்டாம். சென்னை மார்கழி சீசனில் மதியக் கச்சேரி இளையவர்களுக்கு, மாலைக் கச்சேரி பெரியவர்களுக்கு என்று வைத்திருக்கிறார்கள். மதியம் பல சபாக்களில் டிக்கெட்டும் இல்லை, கூட்டமும் இல்லை. கேன்டீனில்தான் கூட்டம். ஆனால் அங்கே ஒரு நல்ல வழக்கம் உண்டு. மதியம் பாடுகிற பிள்ளைக்கும் வயலின், மிருதங்கம், தம்புரா எல்லாம் ஒழுங்காக இருக்கும். முழுக் கச்சேரி கொடுப்பார்கள். கேட்க இருபது பேர் வந்தாலும் ஒழுங்காகக் கேட்பார்கள். அதனால்தான் மதியத்தில் பாடிய பிள்ளை சில வருஷத்தில் மாலைக்கு வர முடிகிறது.

நம் புதுக்கோட்டைப் பக்கத்து நாடகம் இன்னும் நல்ல உதாரணம். சங்கரதாஸ் சுவாமிகளின் 'வள்ளி திருமணம்' திருவிழாவில் விடிய விடிய நடக்கும். நம்மில் பாதிப் பேர் அம்மா மடியில் தூங்கிக்கொண்டே அதைப் பார்த்தவர்கள். அதில் முதலில் யார் வருவார்? முருகன் வரமாட்டார், வள்ளி வரமாட்டாள். ஆர்மோனியக்காரர் பாடி முடித்ததும் பபூன் வருவார். கடையிலும் பாயிலும் பேச்சிலுமாகச் சிதறிக் கிடக்கிற கூட்டத்தைத் தனி ஆளாக நின்று ஒன்றுசேர்ப்பார். அது லேசான வேலையா? கூட்டத்தைக் கட்டத் தெரிந்தவருக்குத்தான் அந்த இடம். பபூன் சரியில்லை என்றால் ராஜபார்ட் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் அந்த ராத்திரி எடுபடாது என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். முதலில் ஏறுகிறவருக்குத்தான் கஷ்டமான வேலை என்று நம் முன்னோருக்குத் தெரிந்திருக்கிறது.

பறையையே எடுத்துக்கொள்ளுங்கள். தோல் பறையை அப்படியே எடுத்து அடித்தால் 'பொத்து பொத்து' என்றுதான் கேட்கும். வைக்கோலைக் கொளுத்தி, அனலில் காட்டி, தோல் விறைத்த பிறகுதான் அந்தக் கணீர்ச் சத்தம் வரும். காய்ச்சாமல் எந்த அடியும் எடுபடாது. கூட்டமும் அப்படித்தான். அதைக் காய்ச்சுகிற வேலையை ஒருவரிடம் கொடுத்துவிட்டு, அவருக்குத் தீப்பெட்டியும் கொடுக்காமல், வைக்கோலும் கொடுக்காமல் விட்டால் எப்படி?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் இவ்வளவு விரும்புகிற இந்தக் குழு, 2018 ஜனவரியில் முதல் தடவை மேடையேறியபோது அவர்களில் பெரும்பாலோர் பெயர் ஊருக்குத் தெரியாது. சாவு வீட்டிலும் தெருவிலும் பாடிக்கொண்டிருந்தவர்கள் அதில் இருந்தார்கள். யாரும் அவர்களை வேறொரு பெரிய குழுவுக்கு முன்னால் பன்னிரண்டு நிமிஷம் பாடவைக்கவில்லை. பலரைப் பாடச் சொல்லிக் கேட்டு, தேர்ந்தெடுத்து, சேர்ந்து பயிற்சி செய்யவைத்து, கோட்டுப் போட்டு, நல்ல ஒலியோடு அந்த மாலையையே அவர்களிடம் கொடுத்தார்கள். அதனால்தான் அவர்கள் என்ன பாடுகிறார்கள் என்று ஊருக்குக் கேட்டது. புதியவர் நன்றாகப் பாடுவாரா மாட்டாரா என்பதில் பாதி அவர் கையில். மீதி மேடை கொடுக்கிறவர் கையில்.

அதற்காக அன்று பாடியவர்கள் எல்லோரும் அற்புதம் என்று நான் சொல்ல மாட்டேன். நான் உங்களுக்குச் சும்மா மதிப்பெண் போட்டது உண்டா? அந்தப் பிள்ளைகளிடமும் சொல்ல இருக்கிறது. சினிமாப் பாட்டு நாலு பாடுவதற்குச் சொந்தப் பாட்டு ஒன்று பாடுங்கள், அது சுமாராக இருந்தாலும் பரவாயில்லை. லேப்டாப்பை ஓடவிட்டுக் கிட்டாரைச் சும்மா தொடாதீர்கள், முன்வரிசைக்குத் தெரியும். சத்தம் போடச் சொல்லிக் கெஞ்சாதீர்கள், சத்தம் தானாக வர வேண்டும். பன்னிரண்டு நிமிஷம்தான் என்றால் எந்த இரண்டு பாட்டு என்று வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு வாருங்கள். இவை அவர்கள் கையில் இருப்பவை. மானிட்டர் அவர்கள் கையில் இல்லை.

இனி நான் கடைசி வரை படிக்கச் சொன்ன விஷயம்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பறைச் சத்தம் காதில் இருந்ததால் என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, மேடை ஓரத்தில் கையை உயர்த்திக் கடிகாரத்தைக் காட்டினாரே, அந்தக் கை எனக்கு ஏற்கெனவே தெரிந்த கை. என்னுடைய கை.

1996. நம் பள்ளி ஆண்டு விழா. நிகழ்ச்சி நிரல் தயாரிப்பது என் பொறுப்பு. எட்டாம் வகுப்பில் ஒரு பையன். ஒரு வாரத்துக்கு முன்பே வந்து, "சார், நான் தப்பு அடிக்கட்டுமா சார்? மாமாகிட்ட கத்துக்கிட்டேன்" என்றான். பறையை நம் பக்கம் தப்பு என்போம். எனக்குத் தயக்கம். பள்ளிக்கூட மேடையில் தப்பா, ஊரில் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற தயக்கம். முடியாது என்று சொல்லவும் மனம் வரவில்லை. அதனால் ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். விருந்தினர் வருவதற்கு முன்னால், முதல் நிகழ்ச்சியாக அவன் பெயரை எழுதினேன். யாருக்கும் பாதகமில்லை, பையனுக்கும் சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

அவன் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் வைக்கோல் கொளுத்தித் தப்பைக் காய்ச்சிக்கொண்டு வந்து மேடையேறினான். நன்றாக அடித்தான். கால் அடவும் போட்டான். கீழே இருந்த சின்னப் பிள்ளைகள் எழுந்து ஆடத் தொடங்கினார்கள். இரண்டு நிமிஷம் இருக்கும். வாசலில் கார் சத்தம் கேட்டது. நான் மேடை ஓரத்திலிருந்து கையை உயர்த்தி, "போதும், நிறுத்து. வாசலுக்கு ஓடு, விருந்தினர் வந்துட்டாங்க, அங்க போய் அடி" என்றேன்.

ஓடினான். வாசலிலிருந்து மேடை வரை விருந்தினருக்கு முன்னால் அடித்துக்கொண்டே வந்தான். விருந்தினர் சட்டைப்பையிலிருந்து பத்து ரூபாய் எடுத்து அவன் கையில் கொடுத்தார். பிறகு கடவுள் வாழ்த்து, வரவேற்புரை, நடனம், நாடகம். மேடையில் நிகழ்ச்சி செய்த எல்லாப் பிள்ளைகளுக்கும் கடைசியில் பேனா கொடுத்தோம். அவனுக்குக் கொடுக்கவில்லை. பட்டியலில் அவன் பெயர் இருந்தது, எடுத்துவிட்டிருந்தேன். அவன்தான் பத்து ரூபாய் வாங்கிவிட்டானே என்று நினைத்தேன். மற்ற பிள்ளைகளை மாணவர்களாக நடத்தினேன். அவனை மட்டும் அன்று மேளக்காரனாக நடத்தினேன். அதுவும் எட்டாம் வகுப்புப் பிள்ளையை. அப்போது அது எனக்கு உறைக்கவே இல்லை. யாரும் எடுத்தும் சொல்லவில்லை.

அவர் இப்போது நாற்பதைத் தாண்டியவர். இந்த முகநூலில் என் நண்பர் பட்டியலில் இருக்கிறார். ஆசிரியர் தினத்துக்குத் தவறாமல் வாழ்த்து அனுப்புகிறார். போன வாரம் ஊருக்கு வந்ததும் அவருக்குப் போன் செய்தேன். இந்த விஷயத்தை எழுதலாமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்:

"எழுதுங்க சார். பேரு மட்டும் போடாதீங்க. நீங்க நிறுத்துனது கூடப் பெருசா தெரியல சார். கார் வந்துடுச்சு, சரின்னு இருந்தேன். திரும்பக் கூப்பிடுவீங்கன்னு வேப்பமரத்துக்கிட்ட தப்போட நின்னுக்கிட்டே இருந்தேன் சார். சூடு ஆறிடக் கூடாதுன்னு ரெண்டு தடவ போயி மறுபடியும் காய்ச்சிட்டு வந்தேன்."

இரண்டு தடவை. எனக்கு அதற்கு மேல் பேச முடியவில்லை. "தப்பு பண்ணிட்டேம்ப்பா" என்றேன். "விடுங்க சார்" என்றார். விட முடியாது.

தம்பி, இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். எல்லோர் முன்னாலும் நடந்த விஷயம் என்பதால் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்கிறேன். அந்தத் தயக்கத்துக்கு நான் அன்று 'புத்திசாலித்தனம்' என்று பெயர் வைத்தேன். அதன் பெயர் சாதிதான். எனக்குப் பிடித்த பாடல்களை எத்தனை வருஷம் கேட்டும் அதை என்னோடு சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. ஒரு பிள்ளை பாதிப் பாட்டில் இறங்கிப் போனதைப் பார்த்த பிறகுதான் தோன்றியது.

உங்களில் பலர் இன்று ஆசிரியர்கள். சிலர் ஊர்த் திருவிழாக் கமிட்டியில் இருக்கிறீர்கள். ஒருவர் மைக் செட் வைத்திருக்கிறார். ஆகவே கடைசியாகச் சில வேலைகள் சொல்கிறேன். வீட்டுப்பாடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நிகழ்ச்சி நடத்துகிறவர்கள்: முதலில் பாடுகிறவருக்குப் பத்து நிமிஷமாவது சவுண்ட் செக் கொடுங்கள். சொன்ன நேரத்தைக் குறைக்காதீர்கள். நேரம் போதாது என்றால் மூன்று குழுவுக்குப் பதில் ஒரு குழுவை ஒழுங்காகப் பாடவிடுங்கள். போக்குவரத்துச் செலவாவது கொடுங்கள். மைக் செட் வைத்திருக்கும் தம்பி, சின்னப் பிள்ளை மேடையில் நின்று கை காட்டினால் நிமிர்ந்து பாருங்கள்.

ஆசிரியர்கள்: ஆண்டு விழா நிரலில் விருந்தினர் வருவதற்கு முன்னால் யாரையும் போடாதீர்கள். விருந்தினர் தாமதமாக வந்தால் அவர் பின்னால் வந்து உட்காரட்டும். தவிர்க்க முடியாமல் ஒரு பிள்ளையை நிறுத்த நேர்ந்தால் மறுபடி கூப்பிடுங்கள். மறக்காமல் கூப்பிடுங்கள்.

கேட்கப் போகிறவர்கள்: 5 மணி என்று போட்டிருந்தால் 5 மணிக்குப் போங்கள். பிடிக்கவில்லை என்றால் தட்ட வேண்டாம். ஆனால் பஜ்ஜிக் கடையிலிருந்து ஒரு பாட்டுக்காவது மேடைப் பக்கம் வந்து நில்லுங்கள். பாடுகிறவருக்கு மேலே இருந்து பார்த்தால் யார் கேட்கிறார்கள் என்று தெரியும். வகுப்பில் எனக்குத் தெரிந்த மாதிரி.

அந்தப் பெண்ணின் பாட்டைப் பேத்தி யூடியூபில் தேடிக் கண்டுபிடித்துக் கொடுத்தாள். வீட்டில் பதிவு செய்திருக்கிறாள். சுருதி சுத்தமாக இருக்கிறது. அன்று பாதியில் நின்ற அந்த இரண்டாம் பாட்டை முழுதாகக் கேட்டேன். நல்ல பாட்டு.

அன்புடன்,
உங்கள் சார்